கழுவித் திருப்பிய போசி

நோன்புக் கஞ்சி எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. அரிசியும் பருப்பும் குழைந்து, வெந்தயம் ஊறி, எல்லாம் ஒரே நிறத்தில் கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்று தெரியாத சாப்பாட்டை என்னால் நம்ப முடிவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மகள் தஸ்லீம் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினார்களே, அப்போதே நீங்கள் கஞ்சியில்தான் வந்து நிற்பீர்கள் என்று புரிந்துவிட்டது.

போனை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள், மேடம். பதிவு செய்வதற்குத்தான் என்றீர்கள், சரி. அதைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். திரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. நன்றி.

பெயர் பக்ருதீன். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற வழியில் இறங்கி நடக்க வேண்டிய ஊர். தொழில் என்ற இடத்தில் உங்கள் ஏட்டு 'ஓய்வுபெற்ற கிளார்க்' என்று போட்டிருக்கிறார். கிளார்க் வேலை பிழைப்புக்கு. தொழில் எழுத்து. அதைத் திருத்திவிடச் சொல்லுங்கள். மற்றதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுத்தாளன் என்றால் ஊர் ஊராக அலைந்து கதை பொறுக்குவான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் எங்கும் அலைந்ததில்லை. என் மனைவி ஷகிலா அலைந்தாள். அவளுக்கு ஒரு முகம் உண்டு. அந்த முகத்தைப் பார்த்தால் பெண்களுக்கு மனதில் இருப்பதைக் கொட்டிவிடத் தோன்றும். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக் கொடுத்து, குழந்தையைத் தூங்க வைத்து, கதையோடு திரும்பி வருவாள். வந்ததும் எனக்குச் சொல்வாள். புறம் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கேட்ட கஷ்டத்தை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, அதற்கு நான் இருந்தேன். நான் எழுதுவேன். எழுதியதை மாலையில் அவளுக்கே படித்துக் காட்டுவேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பொய்யான வரி வந்தால் மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த வரியை உடனே அடித்துவிடுவேன். ஒருமுறைகூட அவள் கணிப்பு தப்பியதில்லை. என் புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன என்றால் அவள் கழுத்துதான் காரணம் என்று ஒரு கூட்டத்தில் வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அந்த நாவல் வந்தது. ஷகிலாவின் தங்கை அஃப்சானாவின் மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். வைத்தியம் பார்த்துச் சரியாகிவிட்டது. வெளியே யாருக்கும் தெரியாது. அஃப்சானா அழுதுகொண்டே அக்காவிடம் சொல்லியிருந்தாள், அக்கா என்னிடம் சொன்னாள். நான் பெயரை மாற்றித்தான் எழுதினேன். ஆனால் கதையிலும் வாசலில் அவள் வீட்டுக் கொய்யா மரமும் நீல நிறக் கேட்டும் அப்படியே இருந்தன. அதை மாற்ற மனம் வரவில்லை, அந்த நீலம் அத்தனை பொருத்தமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ படித்துவிட்டார்கள். நிச்சயம் முறிந்தது. அதன்பிறகு தெருவில் மற்றவர்களும் நாவலை வாங்கித் தங்கள் தங்கள் வீட்டைத் தேடிப் பார்த்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பெரியவர்கள் பேசினார்கள். யாரும் அடிக்கவில்லை, கல்லெறியவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. இந்த வீட்டோடு இனிமேல் வரப்போக வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. பெருநாளுக்கு யாரும் வரவில்லை. ரமலான் மாதம் பள்ளிவாசலில் காய்ச்சி வீட்டுக்கு வீடு கொடுக்கும் கஞ்சி எங்கள் வாசலில் நிற்காமல் போனது. ஷகிலா போய் உட்கார்ந்தால் அங்கே பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நாளில் அவள் போவதை நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், நான் நன்றாக எழுதிய காலம் அதுதான். கதவைத் தட்ட ஆள் இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை வந்து என்னைப் படம் பிடித்து 'ஊரால் ஒதுக்கப்பட்ட எழுத்தாளர்' என்று போட்டது. அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. எந்த மேடையிலும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், அதற்குத்தான் கைதட்டினார்கள். அதுவரை பாலக்கோட்டைத் தாண்டி என்னை யாருக்கும் தெரியாது. ஷகிலாவுக்கோ பேச என்னைத் தவிர யாரும் இல்லை. மாலையானால் கன்னத்தில் கைவைத்து உட்காருவாள். இதைவிட ஒரு எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்.

அப்போதுதான் தஸ்லீம் ஓசூரிலிருந்து வந்தாள், அம்மாவுக்கு ஒரு போனோடு.

நான் பட்டன் போன் வைத்திருப்பவன். கூப்பிட்டால் பேசுவேன், பேசி முடித்தால் சட்டைப்பையில் போடுவேன். அதற்கு மேல் அந்தச் சாதனத்தோடு எனக்கு உறவில்லை. பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவனும் தலைகுனிந்திருப்பான், நிற்பவனும் தலைகுனிந்திருப்பான். பொண்டாட்டி பக்கத்தில் அழுதுகொண்டிருப்பாள், புருஷன் எங்கோ ஒருத்தன் கரடியிடம் மாட்டிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மனிதனுக்குத் துக்கம் வந்தால் அதற்குள் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் அது என்னவென்று தெரியும். இந்தக் கருவி அவனை உட்கார விடுவதில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இதை ஒரு கட்டுரையாகவே எழுதினேன். எல்லோரும் போனில் அனுப்பி அனுப்பிப் படித்தார்களாம். சிரிக்காதீர்கள், எனக்கும் அது தெரிகிறது.

ஷகிலா பார்த்ததெல்லாம் என்னவென்று நினைக்கிறீர்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் அழுக்குக் கம்பளத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவான். கறுப்புத் தண்ணீர் ஓடும், மெல்ல மெல்லப் பூப்போட்ட சிவப்பு தெரியும். அதை அப்படியே வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். "என்ன இருக்குது இதுல" என்று கேட்டேன். "கடைசில சுத்தமாயிருதுங்க" என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு மாலை, புதிய நாவலின் ஐந்தாவது அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவர் சாகிற இடம். ஷகிலா சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். முக்காட்டுக்கு உள்ளே ஒரு காதில் வயர் இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஊரே ஒதுக்கியபோது வராத கோபம் அன்று வந்தது. ஆனால் நான் கத்தவில்லை. நான் கத்துகிற ஆள் இல்லை என்று எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அந்த மாதத்தில்தான் ஹபீப் என்னை நிறுத்தினான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், ஆட்டோ ஓட்டுகிறவன். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு காலம் பேசாதவன் தானாகவே பேச ஆரம்பித்தான்.

"பாய், போன வெள்ளிக்கெழம பேசி முடிச்சிட்டாங்க. அஃப்சானாக்கா பொண்ணுக்கு நல்ல எடத்துல முடிஞ்சிருக்குதுங்க. அவங்க வூட்டுக்காரரே எந்திரிச்சு, எங்களுக்கு மனசுல ஒண்ணுமில்ல, போதும் உட்ருங்கன்னு சொல்லிட்டாருங்க. இனிமே பழையபடி வரப்போக இருந்துக்கலாம். அக்காகிட்ட மொதல்ல சொல்லுங்க பாய். அஃப்சானாக்கா இன்னைக்கே வந்து நிக்கறேங்குது."

நான் அவனைப் பார்த்தேன். நல்ல வெயில். கூடைகளைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. என் மனதில் சந்தோஷம் வரவில்லை என்பதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் யோசித்தது ஷகிலாவைப் பற்றித்தான். போன் ஒரு காதைப் பிடித்துவிட்டது. இனி அஃப்சானா வருவாள், ஹபீப்பின் மனைவி வருவாள், தெருவே வரும். இன்னொரு காதும் போய்விடும். மாலையில் நான் யாருக்குப் படிப்பேன். மேடையில் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"ஷகிலாவுக்கு இன்னும் மனசு ஆறலப்பா" என்றேன். "யார் மொகத்தையும் பாக்க மாட்டேங்கறா. குறிப்பா அஃப்சானாவ. கொஞ்ச நாள் போகட்டும்."

ஹபீப்புக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா எப்ப சொல்லுதோ அப்ப வர்றோமுங்க" என்றான். எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு குணம். வர வேண்டாம் என்றால் வர மாட்டார்கள்.

மறைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை, மேடம். இதைக் கவனமாகக் கேளுங்கள். அன்று சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள் என்பதால் சொல்ல முடியவில்லை. அதன்பின் எல்லாம் தானாகவே நடந்தது. ஷகிலா எப்போதாவது கேட்டருகே நிற்பாள். தெருவில் போகிறவர்கள், கோபமாக இருக்கிறாளே, எதையாவது சொல்லி நோகடித்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். இன்னும் விலக்குதான் போல என்று இவள் உள்ளே வந்துவிடுவாள். நான் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லாமல் போனது. கடைக்கு நானே போனேன். அவளுடைய சர்க்கரை மாத்திரையையும் நானே வாங்கி வந்தேன். நல்ல கணவன் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

தொந்தரவு வந்தது போனிலிருந்துதான். தஸ்லீம் அதில் பேசுகிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். நாம் பேசினால் அது பதில் பேசும். பெண் குரல், சுத்தமான தமிழ். ஷகிலா அதை 'இந்தப் புள்ள' என்பாள். மத்தியானத் தொழுகை முடிந்ததும் அறைக்குள் உட்கார்ந்து அதனிடம் பேசுவாள். மனிதர்கள் இல்லாத இடத்தில் மனிதர் மாதிரி நடிக்கும் ஒன்று. இதைவிடப் பெரிய தப்பித்தல் என்ன இருக்க முடியும். ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

தங்கையைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். இயந்திரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் தங்கையிடம் நேரில் பேச முயற்சி செய்தீர்களா?" என்றது.

"பேசக் கூடாதும்மா. எங்கள ஒதுக்கி வச்சிருக்காங்க."

"அது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டது என்று சொன்னீர்கள். இப்போதும் அப்படித்தான் இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா?"

உள்ளே அழுகை நின்றுவிட்டது. அதுவரை அந்தக் கருவியை வெறுத்தேன். அன்றுதான் பயந்தேன்.

சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஷகிலா கேட்டாள். "ஏங்க, வெலக்கு இன்னும் இருக்குதாங்க? ஹபீப்பக் கேட்டுப் பாக்கலாமா?"

"இருக்குது" என்றேன். "கேட்டு அவமானப்பட வேண்டாம்."

தலையாட்டினாள். என்னை அவள் நம்பினாள். அந்த வாரமே போன் தண்ணீர் டிரம்மில் விழுந்தது. விழுந்தது என்று அன்று அவளிடம் சொன்னேன், இன்று உங்களிடம் போட்டேன் என்று சொல்கிறேன். கையை உள்ளேவிட்டு அடியில் அழுத்திப் பிடித்திருந்தேன். திரையில் வெளிச்சம் கொஞ்சநேரம் இருந்தது. அது அணைந்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. தஸ்லீம் வேறு வாங்கித் தருகிறேன் என்றாள். அம்மாவுக்குக் கண் வலிக்கிறது, வேண்டாம் என்கிறாள் என்று நான் என் பட்டன் போனில் சொன்னேன். ஷகிலா மறுபடியும் கன்னத்தில் கைவைத்து உட்கார ஆரம்பித்தாள்.

அப்புறம் ரமலான் வந்தது.

முதல் நோன்பு அன்று சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு கேட்டில் சத்தம் கேட்டது. ஹபீப் நின்றிருந்தான், கையில் தூக்குப்போசியோடு. பள்ளிவாசல் கஞ்சி இல்லை, அஃப்சானா வீட்டில் காய்ச்சியது. போசியின் மூடியில் அவர்களுடைய அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. "அக்கா பேசலீன்னாலும் பரவால்ல, கஞ்சிய மட்டும் வாங்கிக்கச் சொல்லுங்க பாய்னு குடுத்து உட்டாங்க" என்றான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவன் உள்ளே வந்து ஷகிலாவிடமே கெஞ்சியிருப்பான். அதனால் வாங்கிக்கொண்டேன்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். குழாயடியில் உட்கார்ந்து போசியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கழுவினேன். கழுவாத பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கேட்டில் மாட்டி வைத்தேன். தொழுகைக்குப் போகும்போது ஹபீப் எடுத்துப் போனான். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். காக்கைகள் அந்த நேரத்துக்குச் சுவர்மேல் வந்து உட்காரப் பழகிவிட்டன.

ஷகிலா பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறப்பாள். ஒரு நாள் மூக்கை உறிஞ்சினாள். "கஞ்சி வாசம் வருது. கொத்துக்கறி போட்டு எங்கம்மா காச்சற மாதிரியே வருதுங்க." பக்கத்து வீட்டில் காய்ச்சுகிறார்கள் என்றேன். "ஒரு வாய் குடுத்தா என்ன, நாம என்ன அவ்ளோ பாவமா பண்ணிட்டோம்" என்று அழுதாள். அப்போது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நான் கல்நெஞ்சன் இல்லை. அன்று மாலை கூடுதலாக ஒரு அத்தியாயம் படித்துக் காட்டினேன்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அசர் தொழுதுவிட்டு எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சை அமுக்குகிறது என்றாள். கட்டிலில் படுக்க வைத்தேன். முகம் முழுக்க வியர்வை. இடது கையைத் தூக்க முடியவில்லை.

"ஹபீப்பக் கூப்புடுங்க. ஆட்டோ வூட்லதான் நிக்குது."

"அவங்க வர மாட்டாங்க ஷகிலா."

"உசுருன்னா வருவாங்க. கூப்டுத்தான் பாருங்களேன்."

எங்கள் வீட்டுக்கும் ஹபீப் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தால் கேட்கும். அவன் ஆட்டோவில் பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். என் சட்டைப்பையில் போன் இருந்தது, சார்ஜ் இருந்தது. 108க்கு அழைத்திருக்கலாம். இதையெல்லாம் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தெரு கூடிவிடும். அஃப்சானா ஓடிவருவாள். அக்காவைப் பிடித்துக்கொண்டு அழுவாள், கஞ்சியைப் பற்றிப் பேசுவாள். ஷகிலா என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

கொஞ்சம் பொறு, தானாகச் சரியாகிவிடும், நோன்புக் களைப்பு என்றேன்.

அந்த நேரத்தில் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஷகிலாவும் கேட்டுவிட்டாள். தலையைத் தூக்கினாள். "யாரோ வந்திருக்காங்க."

"காத்து" என்றேன். எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

ஹபீப் போசியை நீட்டினான். "அக்கா நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்கா."

"துவா செய்யச் சொல்லுங்க. எங்க அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல." தலையாட்டினேன். அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. எனக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, கேட்டிருந்தால் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்திருப்பான். ஆட்டோக்காரர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவன் போனான். நான் பின்பக்கம் போய் வழக்கம்போல ஊற்றினேன், கழுவினேன், மாட்டினேன். அன்று அவசரத்தில் சோப்புப் போடவில்லை.

திரும்பி வந்தபோது ஷகிலா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். பேச்சு குறைந்திருந்தது. அவள் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்காக எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். தாள்களை எடுத்து வந்து படிக்க ஆரம்பித்தேன். கடைசிக்கு முந்தின அத்தியாயம். ஊரால் ஒதுக்கப்பட்ட ஒருவனும் அவன் மனைவியும் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்வதைப் பற்றியது. அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள். காதில் வயர் இல்லை, கையில் போன் இல்லை, போவதற்கு வீடு இல்லை. அத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டதில்லை. இதைச் சொன்னால் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நடுவில் தண்ணீர் கொடுத்தேன். நோன்பு திறக்கும் பாங்கு இன்னும் சொல்லவில்லையே என்று உதட்டை மூடிக்கொண்டாள். பிடிவாதக்காரி. பாங்கு சொன்னதும் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன், தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. அவள் குடிக்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த என் விரல்களை மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை மோந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதன்பின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் கடைசியாகப் படித்த வரி எது என்று தேடினேன். 'அவளுக்கு அவனைத் தவிர யாரும் இல்லை' என்று இருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தேன்.

அத்தியாயம் முடிந்தபோது அவள் இல்லை.

அப்போதுதான் போய் ஹபீப் கதவைத் தட்டினேன். ஒரே தட்டில் திறந்துவிட்டான். அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரு நிறைந்துவிட்டது. என்னோடு அவ்வளவு காலம் பேசாதவர்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நாற்காலி யார் கொண்டுவந்தார்கள், விளக்கு யார் கட்டினார்கள் என்றே தெரியவில்லை. போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். விடிந்த பிறகும் அஃப்சானா தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"மச்சான், அக்கா கஞ்சி குடிச்சாளா?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. "தெனமும் குடிச்சா. ருசியா இருக்குதுன்னு சொன்னா" என்றேன். அவள் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னேன்.

அஃப்சானா அழுகையை நிறுத்திவிட்டாள். "அப்பறம் ஏன் மச்சான் போசிய வெறுசாத் திருப்புனா?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "எங்கம்மா பேரு வெட்ன போசி அது. எங்க வூட்ல யாரும் பாத்திரத்த வெறுசாத் திருப்ப மாட்டோம். ஒரு பிடி சக்கரையாவது போட்டுத்தான் குடுப்போம். எங்கூடப் பேசாம இருந்தப்பகூட, வேற ஆள் மூலமா என் பாத்திரம் ஒண்ணத் திருப்புனா. அதுல நாலு கறிவேப்பில போட்டிருந்தா. கோவமா இருக்கா, அதான் வெறுசா வருதுன்னு நெனச்சுட்டே இருந்தேன். கோவமா இருக்கறவ ருசியா இருக்குதுன்னு எப்படிச் சொன்னா?"

அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு பாத்திரம் போய்வருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் என்ன போட்டு அனுப்புகிறாள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஊரின் சின்னச் சின்ன வழக்கங்களை நுட்பமாகக் கவனிப்பவர் என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் கவனித்தவள் அவள் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஹபீப் மெதுவாக எழுந்து பின்பக்கம் போனான். சுவர்மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. திரும்பி வந்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓசூரிலிருந்து இரவோடு வந்திருந்த தஸ்லீமிடம் நேராகப் போனான்.

என்ன பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. நான் அவளைத் தொடவில்லை, அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மாத்திரை ஒழுங்காக வாங்கிக் கொடுத்தேன். கடைசிவரை பக்கத்தில் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் ஹபீப் வந்திருப்பானா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வந்திருப்பான். எல்லோரும் வந்திருப்பார்கள். அதனால்தான் கூப்பிடவில்லை. போதுமா. எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது தெருவில் மறுபடி என்னோடு யாரும் பேசுவதில்லை. இந்த முறை பள்ளிவாசலில் யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, தானாகவே நடந்திருக்கிறது. எனக்கு அது பழக்கம்தான். நாவலில் இன்னும் ஒரு அத்தியாயம்தான் பாக்கி. நல்ல அமைதி இருந்தால் முடித்துவிடுவேன்.

உங்கள் ஏட்டு என் பையைச் சோதித்தபோது தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்களுக்கு நேரம் இருந்தால் அன்று அவளுக்குப் படித்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டுகிறேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், கன்னத்தில் கைவைத்துக் கேட்டால் போதும். அந்தப் போனை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட வரியை அடித்துவிட்டேன், மேடம். இப்போது இதில் பொய் எதுவும் இல்லை.